வாட்டர் ப்ரூஃப்தான் சார், தண்ணியில மட்டும் யூஸ் பண்ணாதீங்க

வாட்டர் ப்ரூஃப் டார்ச்சுக்குள் தண்ணீர் போய்விட்டது என்று கம்பெனிக்கு ஃபோன் போட்டால் என்ன பதில் வரும், சொல்லுங்கள் பார்ப்போம்? "சார், வாட்டர் டேமேஜ் வாரண்டியில கவர் ஆகாது." சத்தியமாக இதுதான் பதில். அந்தப் பெண்ணின் குரலில் ஒரு தயக்கம்கூட இல்லை. "ஏம்மா, அட்டையில வாட்டர் ப்ரூஃப்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கே?" என்றேன். "ஆமா சார், வாட்டர் ப்ரூஃப்தான். ஆனா நீங்க தண்ணியில யூஸ் பண்ணியிருக்கீங்களே சார்." இதற்கு மேல் மனுஷன் என்ன பேசுவான்?

நான் இருப்பது கொல்லிமலையில். இங்கே தண்ணீர் மேலேயிருந்து மட்டும் வராது. பக்கவாட்டில் வரும், கீழேயிருந்து வரும், ஜன்னலைச் சாத்த மறந்தால் மேகமாகவே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். வீடு செம்மேட்டுப் பக்கம், வேலை அடிவாரத்தில். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. டூரிஸ்ட்டுக்கு அது ரீல்ஸ், எனக்கு அது ஆபீஸ் போகிற வழி. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு காற்று அடித்தால் கரண்ட் போகும். கரண்ட் போன கொஞ்ச நேரத்தில் டவர் போகும். டவர் போய்விட்டால், எந்த வளைவில் பாறை உருண்டு கிடக்கிறது என்பதை நேரில் போய் முட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆகவே யூட்யூபில் ஆளாளுக்கு எமர்ஜென்சி கிட், சர்வைவல் கிட், எவ்ரிடே கேரி என்று கடை பரப்புகிறார்களே, அதெல்லாம் நியாயமாக எங்களுக்குத்தானே பொருந்த வேண்டும்? அதனால் வாங்கினேன். வாங்கி, ஆபத்துக்கு ஆகும் என்று பரணில் போடவில்லை. தினம் எடுத்துப் புழங்கினேன். பகல் பன்னிரண்டு மணிக்கு ஒழுங்காக வேலை செய்யாத சாமான், ராத்திரி ரெண்டு மணிக்கு மரம் விழுந்து கிடக்கும்போது வேலை செய்துவிடுமா என்ன?

டார்ச்சுக்கே வருகிறேன். அட்டையில் ஐ.பி.எக்ஸ். 7 என்று போட்டிருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று பிறகு உட்கார்ந்து படித்தேன். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் முக்கி வைத்தாலும் உள்ளே கெடுதல் பண்ணுகிற அளவுக்குத் தண்ணீர் போகாதாம். நல்லது. ஆனால் பீய்ச்சி அடிக்கிற தண்ணீருக்கு நம்பர் வேறு. அது 5, 6. ஏழு வாங்கியவன் ஐந்தும் ஆறும் தானாகவே பாஸ் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ரெண்டும் வேண்டுமென்றால் ரெண்டையும் தனித்தனியாகச் சோதித்து, ரெண்டையும் அட்டையில் போட வேண்டும். ஆக, என் டார்ச் கிணற்றில் விழுந்தால் பிழைத்துக்கொள்ளும். மழையில் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தால் அதற்கு யாரும் பொறுப்பில்லை. அட, அந்தக் கிணற்றுச் சோதனையையாவது யாராவது செய்தார்களா? யாரைக் கேட்பது?

சரி, அது போகட்டும் என்று நெற்றியில் மாட்டுகிற லைட் ஒன்று வாங்கினேன். மாட்டுக் கொட்டகைக்குப் போக, மீட்டர் பெட்டியைப் பார்க்க, ரெண்டு கையும் சும்மா இருக்குமே என்று. ஒரே பட்டன். முதல் அழுத்தலில் கண் கூசுகிற வெளிச்சம். அடுத்ததில் மங்கல். அடுத்ததில் சிவப்பு. அடுத்ததில் டிஸ்கோ மாதிரி பளிச் பளிச். அடுத்தது எஸ்.ஓ.எஸ். அதையும் தாண்டினால்தான் அணையும். ராத்திரி பால் கறந்துவிட்டு லைட்டை அணைக்கிற ஒவ்வொரு முறையும் நான் கடலில் மூழ்குகிற கப்பல் மாதிரி உலகத்துக்கு அபாயச் செய்தி அனுப்பித்தான் அணைக்க வேண்டும். மாடு மிரண்டு காலை உதறுகிறது. "ஏங்க, மாட்டுக்கு எதுக்குங்க இந்தக் கண்றாவி?" என்கிறாள் வீட்டுக்காரி. என்ன சொல்ல?

அந்த லைட்டுக்குள் இருக்கிற செல்லைப் பற்றிச் சொன்னால் இன்னும் வயிறெரியும். 18650 என்பார்கள். 18 மில்லிமீட்டர் குறுக்கு, 65 மில்லிமீட்டர் நீளம், அதனால் அந்தப் பெயர். அந்தச் சின்ன உடம்புக்குள் உலகத்தின் தேர்ந்த கம்பெனிகளால் அடைக்க முடிந்ததே சுமார் 3,500 எம்.ஏ.ஹெச்.தான். என் செல்லின் மேல் 9,900 என்று அச்சடித்திருக்கிறது! ஏதோ ஒரு ஃபேக்டரியில் எவனோ உட்கார்ந்து, 'பத்தாயிரம் போட்டா நம்ப மாட்டான், நூறு குறைச்சுப் போடு' என்று முடிவு பண்ணியிருக்கிறான் பாருங்கள். அந்த மனசாட்சியைப் பாராட்டத்தான் வேண்டும். நாமக்கல்லில் கடைக்காரரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எல்லாத்துலயும் இப்பிடித்தானுங்க போடுவாங்க."

எல்லாத்திலும் இப்படித்தான். அவர் கோபப்படவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. அதுதான் என்னைக் குத்துகிறது.

பவர் பேங்கும் அதே கதை, கொஞ்சம் நாகரிகமான கதை. பெரிய எழுத்தில் 20,000. அது உள்ளே இருக்கிற செல்லின் 3.7 வோல்ட் கணக்கு. ஃபோனுக்குப் போவது 5 வோல்ட். மாற்றிக் கொடுப்பதில் சூடாகப் போனது போக, கைக்கு வருவது பன்னிரண்டு, பதிமூன்றாயிரம். அடியில் எறும்பு எழுத்தில் அதையும் போட்டிருக்கிறார்கள். எறும்பு படித்துக்கொள்ளட்டும்.

ரெயின்கோட் இல்லாமல் இங்கே பிழைப்பு இல்லை. மலையேறுகிறவர்கள் போடுவதாம். காற்று உள்ளே புழங்குமாம், வேர்வை வெளியே போகுமாம், மழை மட்டும் உள்ளே வராதாம். வேர்வை வெளியே போக வேண்டுமென்றால் உள்ளே இருப்பதைவிட வெளியே ஈரம் குறைவாக இருக்க வேண்டும். மேகத்துக்கு நடுவில் வண்டி ஓட்டுகிறவனுக்கு வெளியே ஈரம் எங்கே குறைகிறது? நாற்பதாவது வளைவைத் தாண்டுவதற்குள் சட்டை தெப்பம். மழையால் இல்லை, என் சொந்த வேர்வையால். அதுவும் போக, சீட்டில் உட்கார்ந்தால் மடியில் ஒரு குளம் கட்டும். அந்தக் குளத்துக்கு நேர் கீழேதான் தையல். தையலுக்கு டேப் ஒட்டியிருக்கிறதா என்று யாராவது கடையில் பார்த்து வாங்குகிறோமா? அடுத்த மழைக்கு எடுத்து உதறினேன். உள்பக்கப் பூச்சு உரிந்து பொலபொலவென்று கொட்டியது. ஈரமும் சூடும் மாறி மாறிப் பட்டால் அந்த பிளாஸ்டிக் பூச்சு தானாகவே சிதைந்துவிடுமாம். அப்படியென்றால் ஈரமில்லாத ஊரில்தானே இந்த ரெயின்கோட்டைப் போட வேண்டும்? ராஜஸ்தானில் விற்கலாம்.

பக்கத்துக் காட்டுப் பெரியவர் யூரியா சாக்கில் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் செருகி, கொங்காடையாகத் தலையில் போட்டுக்கொண்டு போவார். தலை, முதுகு, முதுகில் இருக்கிற சுமை எல்லாம் அதற்குள் அடக்கம். முன்பக்கம் திறந்தே இருக்கும், காற்று அதுபாட்டுக்குப் புழங்கும். என் கோட்டின் விலையைக் கேட்டுவிட்டு, "வேர்க்கறதுக்கா தம்பி இத்தனை காசு?" என்றார். அவர் நக்கலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதனால்தான் பதில் சொல்ல முடியவில்லை.

என் பையின் பக்கிளில் ஒரு திசைகாட்டியும் ஒரு விசிலும் இருக்கின்றன. விசில் ஊதுகிறது. திசைகாட்டிக்கு அவ்வப்போது மனசு மாறும்.

ஒரு நாள் சாயங்காலம் காற்றில் சில்வர் ஓக் ஒன்று வளைவில் குறுக்கே சாய்ந்துவிட்டது. மிளகுக்கொடி ஏற்றுவதற்காக மலை முழுக்க நட்டு வைத்திருக்கிற மரம். கீழே பஸ் நிற்கிறது, பின்னால் பலாப்பழ வேன், அதன் பின்னால் நான். என்னிடம் மல்டி டூல் இருக்கிறதே! இடுப்பிலிருந்து எடுத்து விரித்தேன். கத்தி, கத்தரி, ஸ்க்ரூ ட்ரைவர், பாட்டில் ஓப்பனர், மீன் செதில் தேய்க்கிற ஒன்று, கடைசியில் என் ஆள்காட்டி விரல் நீளத்துக்கு ஒரு ரம்பம். அந்த ரம்பத்தால் அறுத்தால் தை பிறந்துதான் வழி பிறக்கும். பஸ்ஸிலிருந்து ரெண்டு பேர் கொடுவாளோடு இறங்கினார்கள். ஒருத்தர் கொப்புகளைக் கழித்தார், இன்னொருத்தர் வெட்டித் தள்ளினார், மற்றவர்கள் சேர்ந்து மரத்தை ஓரமாக உருட்டினார்கள். வேலை முடிந்து கொடுவாளை முதுகுப்பக்கம் செருகிக்கொண்டு அவரவர் சீட்டில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். வேனிலிருந்த பையன் என் கையைப் பார்த்துக் கேட்டான்: "அண்ணா, மலையில இதுல எந்த மீனுக்குண்ணா செதில் தேய்ப்பாங்க?"

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம். சிரிக்க முடியாத ஒன்று நான் வாங்கிய எமர்ஜென்சி கிட்டில் இருந்தது. பாம்பு கடித்தால் விஷத்தை உறிஞ்சி எடுக்கிற பம்ப்! மஞ்சள் கலரில், ஊசி போடுகிற சிரிஞ்ச் மாதிரி. கீறாதே, உறிஞ்சாதே, இறுக்கிக் கட்டாதே, அசையாமல் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்று உலக சுகாதார நிறுவனம் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருக்கிறது. இந்தப் பம்ப் விஷத்தை எடுக்காது. எடுப்பதாக நினைத்து நாம் உட்கார்ந்திருக்கிற நேரத்தைத்தான் எடுக்கும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் சேர்த்து ஒரே மருந்து இருக்கிறது. அதற்கான விஷத்தை மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில், 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவு சங்கத்துக்காரர்கள் உயிரைப் பணயம் வைத்து எடுத்துக் கொடுக்கிறார்கள். மருந்துக்கான விஷம் நம் தமிழ்நாட்டிலேயே கிடைக்கிறது, ஆன்லைனில் விற்பது மஞ்சள் பம்ப். கடிபட்டவனுக்கு வேண்டியது ஒரு வண்டி, ஒரு ரோடு, ஒரு ஊசி. அந்த ரோடு திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ரோடு எப்படித் திறந்திருக்கும்? மலைப்பக்கத்து வடிகாலைப் பாருங்கள். சிப்ஸ் பாக்கெட், தண்ணி பாட்டில், வேறு பாட்டில், அதன் மேல் மண், மண்ணின் மேல் புல். தண்ணீருக்கு வழி இல்லையென்றால் அது ரோட்டின் மேல் வரும், ரோட்டுக்கு அடியிலும் வரும். கேட்டால் "டெண்டர் விட்டாகணுங்க" என்கிறார்கள். மழை டெண்டருக்குக் காத்திருக்குமா? மண்வெட்டி என்கிற ஒரு சர்வைவல் கிட் இருக்கிறது, அதற்கு மட்டும் ஒரு ரிவ்யூ வீடியோவும் இல்லை.

2023 அக்டோபர் 20 ஞாபகம் இருக்கிறதா? தமிழ்நாட்டில் எல்லார் ஃபோனும் ஒரே நேரத்தில் அலறிற்றே, சோதனைக்காக அனுப்பிய பேரிடர் எச்சரிக்கை என்று? நல்ல ஏற்பாடு, குறை சொல்லவில்லை. டவர் உயிரோடு இருக்கிற வரைக்கும் நல்ல ஏற்பாடு. அடுத்த ரெண்டாவது மாசம், டிசம்பரில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோய் நூற்றுக்கணக்கான பேர் வெள்ளத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டார்கள். அத்தனை பேரில் எத்தனை பேர் கையில் பவர் பேங்க் இருந்திருக்கும்! பசியை ஆற்றியது பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் அரிசியைப் போட்டு ஆக்கிக் கொடுத்த சோறு.

அந்த அரிசியை நினைத்தால்தான் எனக்கு எங்கள் மலை ஞாபகம் வந்து மனசு கெடுகிறது. மழை அடைத்துக்கொண்டு கீழே இறங்க முடியாத நாட்கள் இந்த மலைக்குப் புதுசா? சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு எல்லாம் தானியம் கொட்டி வைக்கிற தொம்பையில் கிடக்கும். கேழ்வரகு வருஷக்கணக்கில் கிடந்தாலும் பூச்சி தொடாது. சார்ஜ் போட வேண்டாம், வாரண்டி வேண்டாம். அப்புறம் குச்சிக்கிழங்கு வந்தது. சேலத்து, நாமக்கல்லு ஜவ்வரிசி மில்லுக்கு லாரி லாரியாக இறங்கியது. குற்றம் சொல்ல முடியாது, சாமை கொடுக்காத காசை அது கையில் கொடுத்தது. புள்ளைகளைப் படிக்க வைத்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்துக்காரர்கள் 1990களிலிருந்து வந்து, விதையைச் சேர்த்து, உமி நீக்க மெஷின் வைத்து, இழுத்துப் பிடித்துப் பார்த்தார்கள். ஓரளவு நின்றது. ஆனாலும் நாலு நாள் ரோடு அடைத்தால் இன்றைக்கு நாங்கள் கடை ஷட்டரைத்தான் பார்க்கிறோம். பெரியவர் வீட்டில் மட்டும் இன்னும் ஒரு தொம்பை இருக்கிறது. பாதி காலி.

போன வாரம் எமர்ஜென்சி சாப்பாடு என்று தேடினேன். நடுவில் ஒரு விளம்பரம். பளபள பாக்கெட், மேலே மேகம், மலை, 'கொல்லிமலைத் தினை எனர்ஜி பார்', வெந்நீர்கூட வேண்டாமாம், பிரித்துக் கடித்தால் போதுமாம். எங்கள் ஊர்ப் பெயராயிற்றே, விடுவேனா? விலாசத்தைப் போட்டேன். மன்னிக்கவும், இந்தப் பின்கோடுக்கு டெலிவரி கிடையாதாம்.