கேள்விக்குறியான எழுத்து

கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைக்காதீர்கள் என்னும் உபதேசம் கணினி அறிந்த தமிழரிடையே இன்னும் ஓயவில்லை. கட்டளைத்திரையில் பட்டியலிட்டால் பெயர் சிதைகிறதாம். ஆகவே தமிழ் ‘அசாதாரண எழுத்து’. கருவியின் குறையை எழுத்தின் தலையில் கட்டும் வாதம் இது.

லினக்ஸில் கோப்புப் பெயருக்கு விலக்கப்பட்டவை இரண்டே: சாய்கோடும், சுழி மதிப்புள்ள பைட்டும். மற்றபடி ஆங்கிலமும் தமிழும் அதற்கு வெறும் பைட் வரிசைகள். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகள். வேற்றுமை பிறப்பது பட்டியலிடும் ‘எல்எஸ்’ கட்டளையில். மொழிச்சூழல் ‘சி’ என்று இருந்தால், ஆஸ்கிக்கு அப்பாற்பட்ட பைட் ஒவ்வொன்றையும் அச்சிடத் தகாதது என்று அது கொள்கிறது. பழைய குனூ பதிப்புகள் பைட்டுக்கு ஒரு கேள்விக்குறி இட்டன. ‘தமிழ்’ என்றாலும் 15 கேள்விக்குறிகள். ‘கவிதை’ என்றாலும் அதே 15. இரு வேறு பெயர்களை ஒன்றாக்கிக் காட்டுவது பட்டியலா?

திரையின் நிறத்தை மாற்றவும் எழுத்தை அழிக்கவும் வல்ல கட்டுப்பாட்டுக் குறிகள் பெயரில் ஒளிந்திருக்கலாம், அவற்றை மறைப்பதே பாதுகாப்பு என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மறைப்பது வேறு, அடையாளப்படுத்துவது வேறு. 2016இல் வெளியான கோர்யூட்டில்ஸ் 8.25 இதை உணர்ந்தது. இடைவெளி போன்றவை கொண்ட பெயர்களுக்கு மேற்கோள்குறி இட்டது. அச்சிட இயலாத பைட்டுகளை எண்மக் குறியீடாகக் காட்டியது. அழகு கெட்டது, நிரல்கள் உடையும் என்று அன்று எழுந்த கூச்சல் பெரிது. அழகு அவரவர் விருப்பம். ஆனால் மேற்கோள்குறி திரைக்கு மட்டுமே. வெளியீடு வேறொரு நிரலுக்கோ கோப்புக்கோ போகும்போது பைட்டுகள் பழையபடியே செல்கின்றன.

சுவடிப் பதிப்பை அறிந்தவர்களுக்கு இந்த நெறி புதிதல்ல. ஏட்டில் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடு இராது. நல்ல பதிப்பாசிரியர் சிதைந்த இடத்தைச் சிதைந்தது என்றே காட்டுவார். படிக்க முடியாத அடிகளையெல்லாம் ஒரே குறியால் மூடமாட்டார்.

உண்மையிலேயே அசாதாரணமான இடம் ஒன்று உண்டு. ‘கொடி’ என்பதில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று; லினக்ஸுக்கு இரண்டு கோப்புகள். ‘ஏன் தேடினால் கிடைக்கவில்லை?’ என்பவருக்கு விடை சொல்வது, பலர் இகழும் அந்த எண்மக் குறியீடுதான். கவலைப்பட வேண்டியவர்கள் இதற்கல்லவா கவலைப்பட வேண்டும்?

அவர்களோ ரோமன் எழுத்துக்கு ஓடச் சொல்கிறார்கள். குறுந்தொகையை ரோமனில் எத்தனை விதமாக எழுதலாம் என்று எண்ணிப் பாருங்கள். ஒருவர் சேமித்ததை மற்றவர் தேடி எடுக்க முடியாத தொகுப்பு உருவாவதற்கு அதைவிடக் குறுக்கு வழி இல்லை.

செய்ய வேண்டியது சொற்பம். மொழிச்சூழலை யுடிஎஃப்-8 ஆக்குங்கள். ‘கிட்’ இன்றும் தன் இயல்பிருப்பில் தமிழ்ப் பெயர்களை எண்களாகவே காட்டுகிறது; ‘கோர் கோட்பாத்’ அமைப்பை அணைத்தால் எழுத்து திரும்பிவிடும். இரண்டு வரி வேலைக்குச் சோம்பி ஒரு மொழியின் எழுத்தையே அசாதாரணம் என்று தள்ளிவைப்பதுதான் அசாதாரணம்.