ஆடினால் நோயில்லை, ஆடாவிட்டால் உறுதியில்லை!

விளையாட்டுப் பக்கங்களில் வருடம் தவறாமல் அச்சாகும் வாக்கியம் ஒன்று உண்டு: "இவரிடம் திறமை இருக்கிறது, மன உறுதிதான் போதாது." எந்த வீரரின் பெயரையும் இதன் தலையில் ஒட்டிக்கொள்ளலாம். எழுதுபவருக்கு ஆதாரம் தேவையில்லை. மறுத்துக் காட்டுவதற்கு வீரரிடம் எக்ஸ்ரே படமும் இல்லை. எனது தொழிலைச் சேர்ந்தவர்கள் இவ்வளவு மலிவாக வேறெந்தத் தீர்ப்பையும் வழங்குவதில்லை.

2019 ஒக்டோபர் 27ஆம் திகதி அடிலெய்டில் நடந்த இருபது ஓவர் ஆட்டத்தை இலங்கை இரசிகர்கள் மறக்கவே விரும்புவார்கள். அவுஸ்திரேலியா 233, நம்மவர்கள் 99! அன்று கிளென் மக்ஸ்வெல் 28 பந்துகளில் 62 ஓட்டங்களை விளாசியிருந்தார். நான்கு நாட்களின் பின்னர், மனநலக் காரணங்களுக்காக அவர் ஆட்டத்திலிருந்து விலகி ஓய்வெடுக்கிறார் என்று அறிவிக்கப்பட்டது. (நோயின் பெயரை அவர் அப்போது சொல்லவில்லை. சொல்லவேண்டிய கடமையும் அவருக்கு இல்லை.) இத்தகைய அறிவிப்புகள் வரும்போதெல்லாம் ஒரு கேள்வி கிளம்பும்: இப்படி அடிக்கிறவருக்கு அப்படி என்ன நோய்?

இக்கேள்விக்கான மறுமொழி ஜேர்மனியில் இருக்கிறது. ரொபேர்ட் என்கே, ஹனோவர் 96 உதைபந்தாட்டக் கழகத்தின் கோல் காப்பாளர். ஜேர்மன் தேசிய அணிக்காக எட்டு ஆட்டங்கள் ஆடியவர். 2009ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் சில வாரங்கள் அவர் களத்தில் இல்லை. பக்டீரியாத் தொற்று என்று காரணம் சொல்லப்பட்டது. திரும்பி வந்தார். நவம்பர் 8ஆம் திகதி ஹம்பேர்க் அணிக்கெதிராக முழு ஆட்டமும் ஆடினார். 2-2 என்று சமநிலை. இரண்டு நாட்களின் பின் தமது உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 32. பல ஆண்டுகளாக அவர் மனச்சோர்வு நோயால் அவதிப்பட்டதையும், அது வெளியே தெரிந்தால் ஆட்டத்தையும் தத்தெடுத்த மகளையும் இழக்க நேருமோ என்று அஞ்சியதையும் அவருடைய மனைவி மறுநாள் ஊடகங்களின் முன் வந்து கூறிய பிறகே உலகம் அறிந்தது. அந்த 90 நிமிடங்களைப் பார்த்த எவராலும் நோயைக் கண்டுபிடித்திருக்க முடியுமா?

கவலையும் மனச்சோர்வும் ஒன்றல்ல. தாழ்ந்த மனநிலை அல்லது எதிலும் நாட்டமின்மை, அத்துடன் உறக்கக் குலைவு, களைப்பு, கவனச் சிதறல், தன்னைத் தானே பயனற்றவராகக் கருதும் எண்ணம் ஆகியவை நாளின் பெரும்பகுதியில், இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் நீடித்தால்தான் மருத்துவர்கள் அப்பெயரைச் சூட்டுகிறார்கள். சிலருக்குச் சிந்தனையும் உடலசைவுமே மந்தமாகின்றன. இதை மைதானத்துக்குக் கொண்டு வாருங்கள். மணிக்கு 140 கிலோமீற்றர் வேகத்தில் வீசப்படும் பந்து துடுப்பாட்ட வீரரை வந்தடைய ஏறத்தாழ அரை விநாடிதான் ஆகும். பல இரவுகள் உறங்காத ஒருவர் அந்த அரை விநாடிக்குள் பந்தின் நீளத்தைக் கணித்து, முன்காலா பின்காலா என்று தீர்மானிக்க வேண்டும். பயிற்சியின் களைப்பை உடல் ஆற்றிக்கொள்வதும் உறக்கத்தில்தான். ஒரே அடியை ஆயிரம் தடவை பழகுவதற்கு வேண்டிய ஆசையே வற்றிப்போனவரிடம் "கடுமையாக உழை" என்று உபதேசிப்பது கால் முறிந்தவரை ஓடச் சொல்வதற்கு ஒப்பானது.

பின் எப்படிச் சிலர் ஆடிவிடுகிறார்கள்? ஆண்டுக்கணக்கில் பழகிய கை, சில நாட்களுக்குப் பழக்கத்தின் பலத்திலேயே ஓடும். ஆட்டம் சில மணித்தியாலங்கள். மீதிப் பொழுது விடுதி அறையில். சிலரிடமோ ஓட்டக் கணக்கும் சேர்ந்து சரிகிறது. 2014இல் இங்கிலாந்தில் விராட் கோலி ஐந்து டெஸ்ட் ஆட்டங்களின் பத்து இன்னிங்ஸ்களில் எடுத்தது 134 ஓட்டங்கள். 'வெளியே போகும் பந்து அவருக்கு ஆகாது' என்று நிபுணர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அதில் உண்மையும் இருந்தது. ஆனால் அந்த நாட்களில் தாம் மனச்சோர்வில் இருந்ததை கோலி வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 2021இல். ஏழு ஆண்டுகள்! இந்தியாவின் அணித் தலைவருக்கே வாய்திறக்க அத்தனை காலம் பிடித்தது.

எங்கள் தமிழ்ப் பத்திரிகைகளிடம் ஒரு தனி வழக்கு எனக்கு உண்டு. மனச்சோர்வு, மன அழுத்தம், மன உளைச்சல் என்ற மூன்றையும் இடத்துக்கும் தலைப்பின் நீளத்துக்கும் ஏற்ப மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். அழுத்தம் என்பது சுமை, சோர்வு என்பது நோய். இக்குழப்பம் தமிழருக்கு மட்டும் சொந்தமல்ல. 2013 நவம்பரில் பிரிஸ்பேன் டெஸ்ட் முடிந்ததும் ஜொனதன் ட்ரொட் தாயகம் திரும்பியபோது, அழுத்தத்தோடு தொடர்புடைய நோய் என்றே இங்கிலாந்து நிர்வாகம் அறிவித்தது. பலர் அதை மனச்சோர்வு என்று வாசித்தார்கள். 2014 மார்ச்சில் ட்ரொட் தமக்கு மனச்சோர்வு இல்லை, முற்றாகக் களைத்துப்போனதே காரணம் என்றார். உடனே முன்னாள் அணித் தலைவர் மைக்கல் வோன், தாம் ஏமாற்றப்பட்டதாக உணர்வதாய்ப் பத்திரிகையில் எழுதினார். ட்ரொட் யாரை ஏமாற்றினார்? நோயின் பெயரைத் தவறாக வாசித்தவர்கள் வேறு, பழி விழுந்தது நோயாளியின் தலையில்.

பத்திரிகையாளர் சந்திப்பு என்பது எங்கள் பிழைப்பு. ஆனாலும் 2021 பிரெஞ்சுப் பகிரங்க டென்னிஸ் விவகாரத்தில் நான் எங்கள் ஆட்களின் பக்கம் இல்லை. முதற்சுற்றில் வென்ற நயோமி ஒசாகா தமது மனநலத்தைக் காரணங்காட்டி நிருபர்களைச் சந்திக்க மறுத்தார். 15,000 டொலர் தண்டம் விதித்தார்கள். தொடர்ந்து மறுத்தால் வெளியேற்றவும் கூடும் என்று நான்கு பெரும் போட்டிகளின் அமைப்பாளர்களும் கூட்டாக எச்சரித்தார்கள். அவர் விலகிக்கொண்டார், 2018 முதல் மனச்சோர்வு தம்மை விட்டு விட்டு வாட்டுவதையும் சொன்னார். அவர்களுடைய விதிப்புத்தகத்தின்படி, காயமடைந்து உடலால் வர இயலாதவருக்கு மட்டுமே அச்சந்திப்பிலிருந்து விலக்கு உண்டு. கணுக்கால் சுளுக்கினால் மன்னிப்பு, மனம் நொந்தால் தண்டம்! கேள்வி கேட்கும் உரிமைக்காக வரிந்துகட்டி எழுதிய சகாக்கள் அந்த விதியை ஒரு தடவை புரட்டிப் பார்த்திருக்கலாம்.

மார்கஸ் ட்ரெஸ்கோதிக் 2006 பெப்ரவரியில் இந்தியச் சுற்றுப்பயணத்திலிருந்து பாதியில் திரும்பியபோது "சொந்தக் காரணம்" என்றார்கள். பின்னர் தொலைக்காட்சியில் அவரே வைரஸ் என்று சொன்னார். வைரஸ் என்றால் எவரும் சிரிக்கமாட்டார்கள் அல்லவா? அவ்வாண்டு நவம்பரில் அவுஸ்திரேலியாவிலிருந்தும் திரும்ப நேர்ந்தது. 76 டெஸ்ட்கள், 5,825 ஓட்டங்களுடன் சர்வதேச வாழ்வு முடிந்தது. 2008இல் தமது நூலில் மனச்சோர்வைப் பற்றி ஒளிக்காமல் எழுதினார். மறு ஆண்டு சமர்செட் அணிக்காக ஓட்டங்களை மலையாகக் குவித்தார். ஆனால் அதே ஆண்டு ஒக்டோபரில் அந்த அணியோடு இந்தியா வந்தவர் தொடர் முடியுமுன்பே வீடு திரும்பவேண்டியிருந்தது. நோய் போய்விடவில்லை, அவருடைய கழகம் அதைத் தெரிந்துகொண்டே அவரை ஆடவிட்டது. 2019இல், 43ஆவது வயதில்தான் மட்டையைக் கீழே வைத்தார்.