சேஸிஸை அறுக்காதீர்கள்!

வாலாஜாபாத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய அப்பா ஆசை ஆசையாக வாங்கிய ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் வீட்டில் நிற்கிறது. இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார், 1967 மாடல். கிளட்ச்சை விட்டால் அடியில் 'டொக்'கென்று ஒரு சத்தம். கியர் லீவர் குதிக்கிறது. சில நேரம் கியர் தானாகவே நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. பட்டறையில் காட்டியிருக்கிறார். "கியர்பாக்ஸ் மவுண்டிங் உடைஞ்சுபோச்சு சார். இதுக்கெல்லாம் ஸ்பேர் கிடைக்காது. சேஸிஸ்ல கொஞ்சம் அறுத்துட்டு, வேற வண்டி மவுண்டிங்கை வெல்டு வெச்சுடலாம்" என்றார்களாம். செய்யலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம். ஏன் வேண்டாம், வேறு என்ன செய்யலாம் என்பதுதான் இந்த வாரம்.

அந்தச் சின்ன ரப்பர் என்ன செய்கிறது?

இன்ஜினை முன்பக்கம் இரண்டு மவுண்டிங்குகள் தாங்குகின்றன. கியர்பாக்ஸின் வால் பகுதியைத் தாங்குவது பின் மவுண்டிங். இரும்புத் தகடுகளுக்கு நடுவே ரப்பரை ஒட்டவைத்த பாகம், அவ்வளவுதான். ஆனால் அதற்கு இரண்டு வேலை. கியர்பாக்ஸ் இடம் விட்டு நகராமல் பிடித்துக்கொள்ள வேண்டும். அதே நேரம் இன்ஜினின் அதிர்வு சேஸிஸுக்குப் போகாமல் தானே வாங்கிக்கொள்ளவும் வேண்டும்.

ரப்பர் கிழிந்துவிட்டால் கியர்பாக்ஸின் வால் மேலும் கீழும் ஆடும். அதோடு சேர்ந்து கியர் லீவர் ஆடும். பின் சக்கரத்துக்குப் போகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறும், யு.ஜே. கிராஸ் தேயும். சில நூறு ரூபாய் ரப்பரைக் கவனிக்காமல் விட்டால், கடைசியில் கியர்பாக்ஸையே இறக்க வேண்டி வரும்.

ஓடாமல் நிற்கிற வண்டியில் எப்படிக் கிழிந்தது என்று கேட்கலாம். ரப்பருக்கு வயதாவதற்கு வண்டி ஓட வேண்டிய அவசியமில்லை. நின்றபடியே இறுகி, வெடித்துவிடும். இன்னொரு எதிரி ஆயில். கியர்பாக்ஸின் பின் ஆயில் சீல் கசிந்தால், ரப்பர் ஊறி, உப்பி, தகட்டை விட்டுக் கழன்று வந்துவிடும். அதனால் சீலை மாற்றாமல் மவுண்டிங்கை மட்டும் மாற்றுவது, ஒழுகும் கூரையை விட்டுவிட்டுத் தரையைத் துடைப்பது போலத்தான்.

சாலையின் மறுமுனையில் விடை

வாலாஜாபாத்காரர்களுக்குக் கார் புதிதல்ல. பக்கத்து ஒரகடத்தில் ரெனோ - நிசான் ஆலை 2010-ல் தொடங்கியது. வாலாஜாபாத் ரயில் நிலையத்திலிருந்து புதுக் கார்கள் சரக்கு ரயிலேறிப் போகின்றன. கார் ஏற்றும் பெட்டிகளில் பல, ஒரு காலத்தில் பயணிகளைச் சுமந்து ஓய்வுபெற்றவை. ஜன்னலை அடைத்து, கடைசிப் பக்கத்தில் கதவு வைத்து, மறுபடி வேலைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

ஆனால் இத்தனை ஆலைகள் சுற்றி இருந்தும், நம் வாசகருக்கு அங்கே ஒரு மவுண்டிங் கிடைக்காது. ஒரே பாகத்தை ஆயிரக்கணக்கில் செய்யும் இடத்தில் ஒற்றைப் பாகத்துக்காக யாரும் மெஷினை நிறுத்த மாட்டார்கள்.

அவருக்கான விடை வண்டலூர் - வாலாஜாபாத் சாலையின் அடுத்த முனையில் இருக்கிறது. வண்டலூர்ப் பகுதியில் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்களைத் தயாரித்தது. முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாகத் திறக்குமே, அந்த ஹெரால்டுதான். பிரிட்டனில் அதன் பெயர் ட்ரையம்ப் ஹெரால்டு, 1959-ல் வந்தது. அந்த ஹெரால்டின் அடிப்படையை வைத்து, சேஸிஸைக் குட்டையாக்கி, 1962-ல் கொண்டுவந்த ஸ்போர்ட்ஸ் கார்தான் ஸ்பிட்ஃபயர். இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் ஒருவரே, இத்தாலியரான ஜியோவான்னி மிச்செலோட்டி. இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் ஒரே குடும்பம்.

ஆகவே கடையில் "ஸ்பிட்ஃபயர் மவுண்டிங் இருக்கா?" என்று கேட்காதீர்கள். "ஹெரால்டு மவுண்டிங் இருக்கா?" என்று கேளுங்கள். சென்னையில் ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை பழைய கடைகளில் முதலில் தேடுங்கள். உடைந்த பாகத்தைக் கையோடு எடுத்துப் போய், போல்ட் துளைகளின் இடைவெளியையும் உயரத்தையும் ஒப்பிட்டு வாங்குங்கள். வருடத்துக்கு வருடம் சின்ன மாற்றங்கள் உண்டு. பிரிட்டனில் இந்த வண்டிகளுக்கான பாகங்களை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். வரவழைப்பதும் ஒரு வழி.

கிடைக்கவே இல்லை என்றால்?

செய்துகொள்ளலாம். இரும்பு பிராக்கெட்டில் மட்டும் விரிசல் என்றால், ரப்பரைத் தனியே கழற்றிவிட்டு, விரிசலை 'வி' போலக் குடைந்து வெல்டு வைக்கலாம். ரப்பரோடு சேர்த்து வெல்டு வைத்தால் சூட்டில் ஒட்டு விட்டுவிடும். கியர்பாக்ஸின் அலுமினியக் காதே உடைந்திருந்தால், அதற்கு ஆர்கான் வெல்டிங் தெரிந்த கை வேண்டும்.

ரப்பர்தான் போயிருக்கிறது என்றால், பழைய தகடுகளைச் சுத்தம் செய்து, ரப்பர் மோல்டிங் செய்யும் சிறு பட்டறையில் கொடுத்துப் புது ரப்பர் ஏற்றலாம். இயற்கை ரப்பர், ஷோர் ஏ அளவில் 50 முதல் 60-க்குள் கேளுங்கள். "நல்லா கெட்டியா போட்டுடுங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கெட்டியான ரப்பர் கிழியாது. ஆனால் அதிர்வை எல்லாம் சேஸிஸுக்குத் தள்ளிவிடும். டயர் துண்டை வெட்டி வைப்பது பட்டறை வரை வண்டியைக் கொண்டுபோக உதவும், அதற்கு மேல் நம்ப வேண்டாம்.

கழற்றும்போது

வண்டிக்கு அடியில் படுக்கும் வேலை இது. ஜாக்கியை மட்டும் நம்பியோ, ஹாலோ பிளாக் கல்லை முட்டுக்கொடுத்தோ யாரையும் அடியில் அனுப்பாதீர்கள். கல் சொல்லாமல் நொறுங்கும். சமதளத்தில், சக்கரத்துக்குக் கட்டை வைத்து, இரும்பு ஸ்டாண்டில் நிறுத்திய பிறகே வேலை.

ஸ்பிட்ஃபயரில் ஒரு வசதி. சீட்டையும் கார்ப்பெட்டையும் எடுத்துவிட்டு, கியர்பாக்ஸ் மேலிருக்கும் மூடியைக் கழற்றினால், வண்டிக்குள்ளிருந்தே கியர்பாக்ஸைப் பார்க்கலாம். அடியில் ஒரு மரப்பலகையை வைத்து ஜாக்கியால் கியர்பாக்ஸை லேசாகத் தூக்குங்கள். தகடும் ரப்பரும் பிரிந்து வாய் திறந்தால், நோய் உறுதி. முன் மவுண்டிங்குகளையும் அப்போதே பாருங்கள். அவை தளர்ந்திருந்தால் புதுப் பின் மவுண்டிங்கும் சீக்கிரம் போய்விடும்.

மாட்டும்போது எல்லா போல்ட்டையும் கையால் பாதி ஏற்றி, கியர்பாக்ஸின் எடை மவுண்டிங்கில் இறங்கி உட்கார்ந்த பிறகே முழுதாக இறுக்குங்கள். 200 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள்.

ஏன் அறுக்கக்கூடாது?

முதல் காரணம் பலம். ஸ்பிட்ஃபயரில் வண்டியின் முதுகெலும்பே அந்த சேஸிஸ்தான். 50 வருடத் துருவோடு இருக்கும் இரும்பை அறுத்து ஒட்டினால், விரிசல் அடுத்து எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

இரண்டாவது காரணம் சட்டம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் விண்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதி அறிவித்தது. முதல் பதிவாகி 50 ஆண்டு தாண்டிய இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு 'விஏ' எழுத்து கொண்ட தனிப் பதிவு எண் கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000. கண்காட்சி, ராலி, பராமரிப்பு போன்றவற்றுக்காகச் சாலையில் ஓட்டலாம். தினசரி ஆபீஸ் போக முடியாது. ஆனால் முக்கிய நிபந்தனை ஒன்று: சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல், வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். மவுண்டிங் மாற்றுவது பராமரிப்பு. சேஸிஸை அறுப்பது மாற்றம். அரைமணி நேரக் கட்டர் வேலையில் அந்தத் தகுதி கேள்விக்குறியாகலாம்.

கடைசியாக ஒன்று. புது மவுண்டிங் மாட்டியாகிவிட்டது என்று பழையதைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். துடைத்து, அளவுகளை ஒரு சீட்டில் எழுதிக் கட்டி, வண்டியின் டிக்கியில் போட்டுவையுங்கள். அடுத்த முறை ரப்பர் ஏற்றக் கொண்டுபோக அதுதான் மாதிரி.