வேலையில்லாமல் கொழும்புக்குப் போவது

கொழும்புக்குப் போறம் எண்டு வீட்டில சொன்னால் வாற முதல் கேள்வி, "என்ன அலுவல்?" கம்பஸ் நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து சும்மா சுற்றிப் பார்க்க, நல்லாச் சாப்பிட, பின்னேரம் கடற்கரையில் இருக்கப் போறம் எண்டால் நம்பமாட்டினம். நம்பினாலும், "இதுக்கெண்டே அவ்வளவு தூரம் போய்க் காசைக் கரைக்கோணுமோ?" என்பது அடுத்த கேள்வி. ஓம், போகத்தான் வேணும் என்பது எங்கட பதில். அதை வீட்டில் விளக்கமாகச் சொல்ல முடிவதில்லை. ஆகவே இங்கே சொல்கிறோம்.

எங்கட பெற்றோருக்குக் கொழும்பு ஓர் அலுவல். பாஸ்போட், தூதரகம், ஏஜென்சி, பெரியாஸ்பத்திரி. ஏ9 பாதை மூடியிருந்த காலத்தில் கப்பலுக்கோ விமானத்துக்கோ காத்திருந்து வந்து, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ லொட்ஜ் அறை எடுத்து, பொலிஸில் பதிந்து, அலுவல் முடியுமட்டும் அறைக்குள்ளேயே கிடந்தவர்கள் கனபேர். 2007 யூன் 7ஆம் திகதி அந்த லொட்ஜ்களில் தங்கியிருந்த 370க்கும் மேற்பட்ட தமிழர்களை, கொழும்பில் நிற்பதற்குத் தகுந்த காரணம் இல்லை என்று சொல்லி, பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் மறுநாளே அதைத் தடுத்து இடைக்கால உத்தரவு போட்டது. ஆனால் போன பஸ் போனதுதான்.

இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் "என்ன அலுவல்?" என்பது அம்மாவின் சொந்தக் கேள்வி இல்லை என்று விளங்கும். சென்றிப்பொயின்றில் கேட்ட கேள்வி அது. சென்றிப்பொயின்றை எடுத்துவிட்டார்கள், கேள்வி எங்கட வீடுகளில் தங்கிவிட்டது. 2009இல் எங்களில் கனபேர் முதலாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள். காரணம் சொல்லாமல் இந்த நகரத்தில் நடக்கக் கிடைத்த முதல் ஆட்கள் நாங்கள்தான். அந்த வாய்ப்பைப் பாவிக்காமல் விடுவது சரியில்லை.

சரி, போய் என்ன பார்க்கிறோம்? பெரும்பாலான குழுக்களின் படங்கள் ஒரே மாதிரி இருக்கும். ஒரு மோல், ஒரு பேகர், 350 மீற்றர் உயரத் தாமரைக் கோபுரம். மேலே ஏறிப் பார்ப்பதில் பிழையில்லை. ஆனால் மோலுக்குள் நிற்கிற ஆள் எந்த நாட்டு எந்த நகரத்திலும் நிற்கலாம். கூடக் காசு போவதும் அங்கேதான், குறைவாகப் பார்ப்பதும் அங்கேதான்.

எங்களைக் கேட்டால் இப்படிப் போங்கோ. இரவு பஸ் விடிய வெள்ளவத்தையில் இறக்கிவிடும். முகம் கழுவி, ஒரு சைவக்கடையில் தோசை சாப்பிட்டு, 100 எடுத்தால் புறக்கோட்டை. 1909இல் கட்டி முடித்த சிவப்புப் பள்ளிவாசலை ரோட்டில் நின்று அண்ணாந்து பாருங்கோ. செட்டியார் தெருவில் நகைக்கடைகளுக்கு நடுவே கதிரேசன் கோயில்கள். இன்னும் கொஞ்சம் நடந்தால் கொச்சிக்கடையில் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் கட்டுவித்த பொன்னம்பலவாணேசர் கோயில். அதற்குக் கிட்டவே, 2019 உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்த அந்தோனியார் தேவாலயம். அங்கே மெழுகுதிரி கொளுத்துகிறவர்களில் சைவக்காரரும் இருப்பினம், பௌத்தரும் இருப்பினம்.

மத்தியானம் புறக்கோட்டையில் ஒரு முஸ்லிம் கடையில் புரியாணி, பிறகு பலூடா. சாப்பிட்டபடி காதைக் கொடுங்கோ. நாட்டாமிகள் வண்டிலை இழுத்துக்கொண்டு வழி கேட்பதும், கடை முதலாளி விலை சொல்வதும் தமிழில்தான். கடைகளில் நிற்கிற பெடியங்களில் கனபேர் மலையகத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். நாள் முழுக்கக் கொழும்பிலேயே நின்றும் கொழும்பைச் சுற்றிப் பார்க்க நேரம் கிடைக்காதவர்கள். ஊர் சுற்றுவது உரிமை என்று நாங்கள் எழுதும்போது அவர்களையும் சேர்த்துத்தான் எழுத வேணும்.

பிறகு 138இல் ஏறி நூதனசாலை. 1877இல் திறந்த அந்த வெள்ளைக் கட்டடத்துக்குள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்க்க ஏலாது. ஒரு கல்லை மட்டும் தவறவிடாதேங்கோ. சீனக் கடற்தளபதி செங் ஹே காலியில் நாட்டிய மும்மொழிக் கல்வெட்டு. 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டது. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தென்துறை விஷ்ணுவுக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை சொல்கிறது. எங்கோ சீனத்திலிருந்து வந்த ஆளுக்கே இந்தத் தீவில் தமிழ் எழுத வேணும் என்று தெரிந்திருக்கிறது. அறுநூறு வருசம் கழித்து அரசாங்கப் பெயர்ப்பலகைகளில் தமிழை எழுத்துப் பிழையோடு வாசிக்கிற எங்களுக்கு அந்தக் கல்லின் முன் சிரிப்பும் வரும், கோபமும் வரும்.

பின்னேரம் காலிமுகத்திடல். இஸ்ஸோ வடையும் உப்புத்தூள் போட்ட அன்னாசியும் வாங்கிக்கொண்டு புல்லில் இருக்கலாம். இருப்பதற்குக் காசில்லை. தேசாதிபதி ஹென்றி வாட் 1859இல் வைத்த கல், கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இந்த நடைபாதையைப் பின்னால் வருபவர்களிடம் ஒப்படைக்கிறது. 1956 யூன் 5ஆம் திகதி தனிச்சிங்களச் சட்டத்துக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் இருந்த தமிழரசுக் கட்சிக்காரரைக் காடையர்கள் அடித்ததும் இங்கேதான். 2022இல் அரகலய நடந்ததும், அந்த வருசம் மே 18 அன்று முள்ளிவாய்க்காலில் செத்தவர்களை நினைத்துக் கஞ்சி கொடுத்ததும் இங்கேதான். இதெல்லாம் தெரியாமலும் பட்டம் விடலாம். தெரிந்துகொண்டு விட்டால் அந்தப் புல்வெளி வேறு மாதிரித் தெரியும்.

"அது எங்கட ஊர் இல்லைத்தானே" என்று சொல்கிற நண்பர்களும் இருக்கினம். அவர்களின் கோபம் எங்களுக்கு விளங்கும். பஸ்ஸில் போன் வந்தால் குரலைத் தணித்துத் தமிழ் கதைக்கிற பழக்கம் எங்களிடமும் இருக்கு. ஆனால் ஒதுங்கி இருந்தால் அந்தப் பழக்கம் போகாது. போய், உரத்துச் சிரித்து, தமிழில் விலை பேசி, புல்லில் காலை நீட்டி இருந்தால்தான் போகும்.

காசு பற்றிய கேள்வி நியாயமானது. சாமான் விலையைப் பார்க்க எங்களுக்கும் பயம்தான். ஆனால் மேலே சொன்ன நாளில் பெரிய செலவு பஸ் ரிக்கற்தான். அதனால்தான் காசில்லாமல் இருக்கக்கூடிய புல்வெளி, பூங்கா, நூலகம் எல்லாம் எங்களுக்கு முக்கியம். நல்ல கழிப்பறையும் இரவு பயமில்லாமல் ஏறக்கூடிய பஸ்ஸும் இல்லையென்றால் பெண்பிள்ளைகள் இருட்ட முன்னமே திரும்ப வேண்டியிருக்கும். நகரத்தை அழகாக்கிறம் எண்டு சொல்பவர்களிடம் நாங்கள் முதலில் கேட்க வேண்டியது இவற்றைத்தான்.

கடைசியாக ஒன்று. அடுத்த முறை கொழும்புக்குப் போகும்போது நண்பர்களோடு மட்டும் போகாதேங்கோ. அம்மாவையும் ஒருக்கால் கூட்டிக்கொண்டு போங்கோ. எத்தனையோ தரம் கொழும்புக்கு வந்தும் தூதரக வரிசையையும் லொட்ஜ் அறையையும் தவிர வேறொன்றும் பார்க்காத அம்மாக்கள் எங்கட வீடுகளில் இருக்கினம். ஒரு அலுவலும் இல்லாமல் அவை அந்தப் புல்லில் இருந்து வடை சாப்பிடட்டும்.