‘ஆர்மி காசுல பல் டாக்டர் ஆகலாமாக்கா?’ - திருநீர்மலையில் ஒரு ‘எச்’ தேடிய கதை

போன ஞாயிற்றுக்கிழமை மலையேறி ரங்கநாதரைப் பார்த்துவிட்டு வந்த அம்மா, பிரசாதத்தோடு எனக்கு ஒரு வேலையையும் கொண்டுவந்தார்.

“இறங்கும்போது ஹவில்தார் வீட்டு ஆன்ட்டியைப் பார்த்தேன். அவங்க பொண்ணு பல் டாக்டருக்குப் படிக்கப் போறாளாம். மிலிட்டரியே செலவு முழுக்கப் பார்த்துக்குமாம். நீதான் பத்திரிகையில இருக்கியே, என்னன்னு கேட்டுச் சொல்லு.”

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவளுக்குத் தெரியாத விஷயமே கிடையாது என்பது அம்மாவின் நம்பிக்கை. நான் பாதி நாள் தங்கம் விலை அப்டேட்தான் போடுகிறேன் என்று சொன்னால் நம்பமாட்டார். சரி என்று சாயங்காலம் போனேன். எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. அங்கிள் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்றவர். தாம்பரத்தைச் சுற்றி இப்படி எத்தனையோ குடும்பங்கள். சர்வீஸ் முடியும் காலத்தில் ஒரு கிரவுண்டு வாங்கிப்போட்டு, ஓய்வு பெற்றதும் வந்து வீடு கட்டியவர்கள்.

மகள் நீட் எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறாள். எம்.பி.பி.எஸ் கிடைக்கிற அளவுக்கு மார்க் வராது என்று அவளே சொல்லிவிட்டாள். “பி.டி.எஸ்தான் எனக்குப் பிடிக்கும்க்கா, அது வேற” என்று கூடவே ஒரு வரி. போனை எடுத்து ஒரு ரீல் காட்டினாள். ‘ராணுவம் உங்க காலேஜ் ஃபீஸ் முழுசா கட்டும். மாசாமாசம் பணமும் தரும். முடிச்சதும் நேரா ஆபீஸர்!’ பின்னணியில் தபேலா வேறு.

ரீல் பரவாயில்லை. டீப்பாய் மேல் ஒரு விசிட்டிங் கார்டு இருந்தது. அட்மிஷன் வாங்கித் தருவதாகச் சொல்லும் ஒருவருடையது. ‘50,000 அட்வான்ஸ் கொடுங்க, தனியார் காலேஜ்ல சீட் பிளாக் பண்ணிடலாம். மீதியெல்லாம் ஆர்மி ஸ்காலர்ஷிப்ல போயிடும்’ என்றாராம். அங்கிள் திங்கட்கிழமை பணம் எடுக்க பேங்க்குக்குப் போவதாக இருந்தார்.

“அங்கிள், ரெண்டு நாள் டைம் கொடுங்க” என்று கேட்டுவிட்டு வந்தேன்.

அந்த ரீல் சொல்வது பொய்யில்லை. ஆனால், அது அமெரிக்காவின் கதை. அங்கே தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுமே மருத்துவ, பல் மருத்துவ மாணவர்களுக்கு ‘ஹெல்த் புரொஃபஷன்ஸ் ஸ்காலர்ஷிப்’ என்று ஒன்று தருகின்றன. 1972-ல் வந்த சட்டத்தின் வழியாகத் தொடங்கியது. கல்லூரிக் கட்டணம் முழுவதும் ராணுவத்துடையது, மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. பதிலுக்கு, பணம் வாங்கிய ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓர் ஆண்டு என்ற கணக்கில் படித்து முடித்துப் பணியாற்ற வேண்டும். ஆனால், அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். அதை மட்டும் ரீல் போட்டவர் எழுத மறந்துவிட்டார்.

நம் நாட்டில் இதற்குப் பக்கத்தில் வருவது புனேயில் இருக்கும் ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி. அங்கே படித்தால் பின்னால் படையில் பணியாற்றியே ஆக வேண்டும். ஆனால், அங்கே இளநிலையில் சேர்ப்பது எம்.பி.பி.எஸ் படிப்புக்கு. பி.டி.எஸ் படிப்புக்கு முதலிலேயே ஃபீஸ் கட்டிப் படிக்கவைத்து, பிறகு வேலைக்கு எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இந்திய ராணுவத்தில் இல்லை. செகந்திராபாத்தில் ‘ஆர்மி காலேஜ் ஆஃப் டென்டல் சயின்சஸ்’ இருக்கிறதே என்று கேட்கலாம். ராணுவ நலக் கல்விச் சங்கம் நடத்தும் கல்லூரி அது. ராணுவத்தினரின் பிள்ளைகளுக்கு அங்கே இடம் உண்டு. ஆனால், ஃபீஸ் நாம்தான் கட்ட வேண்டும், நீட் மார்க்கும் வேண்டும்.

இதைச் சொன்னதும் அங்கிள் முகம் விழுந்துவிட்டது. விசிட்டிங் கார்டை மட்டும் ஆன்ட்டி எடுத்து, சத்தமில்லாமல் பழைய பேப்பர் கட்டுக்குள் செருகினார்.

ஆனால், உண்மையான ஸ்காலர்ஷிப் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சர்யம். பிரதமர் கல்வி உதவித்தொகைத் திட்டம். தேசிய பாதுகாப்பு நிதியிலிருந்து வரும் பணம், டெல்லியில் இருக்கும் கேந்திரிய சைனிக் போர்டு நடத்துகிறது. முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகள், படைவீரர்களின் விதவைகள் தொழிற்படிப்பு படிக்கக் கொடுப்பது. பி.டி.எஸ் படிப்பும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆண்டுக்கு 5,500 பேருக்கு, பெண்கள் பாதி, ஆண்கள் பாதி. 2019-ல் தொகையை உயர்த்தினார்கள். பெண்களுக்கு மாதம் 3,000 ரூபாய், ஆண்களுக்கு 2,500. ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக மாணவியின் வங்கிக் கணக்கில் 36,000 வரும். நான்கு ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் 1,44,000. தனியார் கல்லூரி ஃபீஸுக்கு முன்னால் இது ஒரு மூலைக்குக்கூடப் போதாது. ஆனால், அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் சாப்பாடு, புத்தகம், பஸ், கருவிகள் என்று நிறையவே தாங்கும். பி.டி.எஸ் படிப்பில் கருவிகளை மாணவர்களே வாங்க வேண்டியிருக்கும், அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

இந்தத் திட்டத்தில் இரண்டு விஷயங்கள் பலரைக் கவிழ்க்கின்றன.

முதலாவது, முதலாம் ஆண்டில் சேரும்போதே விண்ணப்பிக்க வேண்டும். ‘இந்த வருஷம் அலைய முடியலை, செகண்ட் இயர்ல பார்த்துக்கலாம்’ என்றால் கதவு சாத்திவிடும். அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் 50 சதவிகித மார்க்கோடு தேறினால் புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

இரண்டாவது, இங்கே பார்ப்பது நீட் மார்க் இல்லை, பிளஸ் டூ மார்க். குறைந்தது 60 சதவிகிதம் இருக்க வேண்டும். போரில் உயிரிழந்தவர்களின் குடும்பம், காயமடைந்து பணியிலிருந்து விடுவிக்கப்பட்டவர்கள், வீரப்பதக்கம் பெற்றவர்கள் என்று முன்னுரிமை வரிசை போகும். எங்கள் அங்கிளைப் போல, சர்வீஸை நல்லபடியாக முடித்து முழு உடம்போடு வீட்டுக்கு வந்தவர்கள் கடைசி வரிசை. அங்கே இடம் குறைவாக, ஆள் அதிகமாக இருந்தால் யாருக்கு என்பதைப் பிளஸ் டூ மார்க் சொல்லும். நீட் கோச்சிங்குக்காகப் பள்ளித் தேர்வை ஒப்பேற்றும் பிள்ளைகள் நம் பக்கம் எத்தனை பேர்! ‘பிளஸ் டூ பாஸானா போதும்’ என்று சொல்லும் சென்டர்கள்கூட உண்டு. படைவீரர் வீட்டுப் பிள்ளைக்கு அந்த அறிவுரை ஆகாது. நல்லவேளையாக, இவள் 88 சதவிகிதம்.

“அப்போ ஒரு பிரச்னையும் இல்லையே” என்றார் ஆன்ட்டி. நானும் அப்படித்தான் நினைத்தேன், டிஸ்சார்ஜ் புக்கைத் திறக்கும்வரை.

படைவீரர் வீட்டில் ரேஷன் கார்டைவிடப் பத்திரமாக இருப்பது டிஸ்சார்ஜ் புக். அங்கிள் அதை இரண்டு பிளாஸ்டிக் கவருக்குள் சுற்றி பீரோ லாக்கரில் வைத்திருந்தார். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஒரு சான்று வாங்கி விண்ணப்பத்தோடு கொடுக்க வேண்டும். அதற்கு மகளின் பெயர் சர்வீஸ் ஆவணத்திலும் ஆதாரிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பிள்ளை பிறந்ததும் யூனிட்டில் சொல்லி ‘பார்ட் டூ ஆர்டர்’ போடுவார்களே, அதில் எப்படி ஏறியதோ அப்படித்தான் புக்கிலும் இருக்கும்.

புத்தகத்தில் அவள் பெயரில் ஒரு ‘எச்’ இல்லை.

நாம் ‘த’ என்ற எழுத்துக்கு ஆங்கிலத்தில் டி-யும் எச்-சும் போடுவோம். வடக்கே வெறும் டி போட்டால் போதும், எச் போட்டால் அது வேறு எழுத்து. அப்போது அங்கிள் இருந்தது எல்லைப் பக்கத்தில் ஓர் இடம். ஊரிலிருந்து போனில் செய்தி வந்த சந்தோஷத்தில் பெயரை வாயால் சொல்லியிருக்கிறார், எழுதிய கிளார்க் இந்திக்காரர். ‘எழுதிக் காட்டியிருக்கணும்மா, என் தப்புதான்’ என்றார் அங்கிள். இதோடு இன்னொன்றும் இருந்தது. ஆதாரில் அப்பா பெயர் வெறும் இனிஷியல். ராணுவத்தில் இனிஷியல் செல்லாது என்பதால், அவருடைய அப்பா பெயரும் சேர்ந்து அங்கே நீளமாக நிற்கிறது. பத்தாம் வகுப்பு சான்றிதழில் மூன்றாவதாக ஒரு வடிவம். ஒரே பெண், மூன்று பெயர்.

திருநீர்மலை வீட்டு பீரோவுக்குள் 18 வருடமாகச் சும்மா இருந்த எழுத்துப் பிழை, இப்போது 1,44,000 ரூபாய்க் கேள்வியாகிவிட்டது. ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்குத் திருத்தம் கேட்டு எழுத வேண்டும், பிறப்புச் சான்றிதழ், அஃபிடவிட் எல்லாம் இணைக்க வேண்டும், பதில் வர வாரங்கள் ஆகும். கவுன்சலிங் முடிந்து, காலேஜில் போனஃபைடு வாங்கிய பிறகு இந்த வேலையைத் தொடங்கினால் கடைசித் தேதி போயே போய்விடும். உங்கள் வீட்டில் டிஸ்சார்ஜ் புக் இருந்து, பத்தாவது, பதினொன்றாவது படிக்கும் பிள்ளையும் இருந்தால், இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு அதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

சீட் விஷயத்துக்கு வருவோம். தமிழ்நாட்டுக் கவுன்சலிங்கில் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்குச் சிறப்புப் பிரிவு உண்டு. ஆனால், பி.டி.எஸ் இடங்கள் மிக மிகச் சொற்பம். அதை நம்பி உட்கார முடியாது. விண்ணப்பத்தில் டிக் செய்யாமல் விடவும் கூடாது. மத்தியத் தொகுப்பில் பாதுகாப்புத் துறைக்கென வரும் இடங்களிலும் அதே முன்னுரிமை வரிசைதான். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவிகித ஒதுக்கீடும் இவளுக்குக் கிடையாது. படித்தது கேந்திரிய வித்யாலயாவில். ‘அதுவும் கவர்ன்மென்ட் ஸ்கூல்தானே?’ என்று ஆன்ட்டி கேட்டது நியாயம்தான், ஆனால் அது மாநில அரசின் பள்ளி இல்லையே. ஆக, பொது கவுன்சலிங்கில் அவள் மார்க்கும் சமூகப் பிரிவும்தான் முடிவு செய்யும்.

“அப்போ ஆபீஸர் ஆக முடியாதாக்கா?”

முடியும், படித்து முடித்த பிறகு. ராணுவப் பல் மருத்துவப் பிரிவு என்று தனியாகவே ஒரு படைப்பிரிவு இருக்கிறது. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, 1941 பிப்ரவரி 4-ல் உருவானது. விமானப்படை, கடற்படைக்கும் இவர்கள்தான் பல் டாக்டர்கள். பி.டி.எஸ் கடைசி ஆண்டில் 55 சதவிகிதம், ஓராண்டு இன்டர்ன்ஷிப், மாநில பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு, நீட் எம்.டி.எஸ் மதிப்பெண், பிறகு நேர்முகத் தேர்வு. தேர்வானால் குறுகிய காலப் பணி, முதலில் 5 ஆண்டு, நீட்டித்தால் 14 வரை. சேரும்போதே கேப்டன். அங்கிளுக்கு இந்த இடத்தில் குரல் மாறியது. “இத்தனை வருஷம் கேப்டன் சாப்களுக்கு சல்யூட் அடிச்சிருக்கேன்” என்றவர், மேலே எதுவும் சொல்லாமல் தண்ணீர் குடிக்க எழுந்து போனார்.

ஆனால், ஆண்டுக்கு எடுப்பது 30 பேர் அளவுக்குத்தான். அந்த 30-லும் ஒரு கதை இருக்கிறது. அறிவிப்பில் 27 இடங்களை ஆண்களுக்கும் வெறும் 3 இடங்களைப் பெண்களுக்கும் வைத்திருந்தார்கள். நல்ல ரேங்க் வாங்கிய பெண்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2023 ஏப்ரலில் வழக்கைக் கேட்ட நீதிபதிகள், இது கடிகாரத்தைப் பின்னோக்கித் திருப்புவது என்று கண்டித்தார்கள். இனி ஆண், பெண் பேதமில்லாமல் எடுப்போம் என்று அரசுத் தரப்பு ஒப்புக்கொண்டது. எங்கள் தெருப் பெண் பி.டி.எஸ் முடித்து விண்ணப்பிக்கும்போது அந்த ‘3’ அவளைத் தடுக்காது என்றால், முகம் தெரியாத அந்த டாக்டர் அக்காக்கள் போட்ட வழக்குதான் காரணம்.

ராணுவத்துக்கு எதற்குப் பல் டாக்டர் என்று எனக்கே முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. அங்கிள்தான் விளக்கினார். பனிமலை போஸ்டிங்குக்குப் போகும் முன் வாயைத் திறக்கச் சொல்லி ஒவ்வொரு பல்லாகப் பார்ப்பார்களாம். மேலே போன பிறகு பல் வலி வந்தால் இறக்கிக்கொண்டுவர ஹெலிகாப்டர் வேண்டும். அவருக்கு ஒரு கடைவாய்ப் பல்லைப் போகும் முன்பே எடுத்துவிட்டார்கள். விமானிகளுக்கு இன்னொரு தொல்லை. சொத்தைப் பல் இருந்தால், உயரே போகப் போகக் காற்றழுத்தம் குறைந்து பல்லுக்குள் வலி பிடுங்கும். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பிய விமானம் ஒன்று வீட்டுக்கு மேலே போக, பேச்சைக் கொஞ்சம் நிறுத்த வேண்டியிருந்தது.

“அப்பாவோட அந்தப் பல்லு எங்க வீட்ல இருக்குக்கா” என்றாள் மகள். ஊருக்கு வந்தபோது பஞ்சில் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறார். சின்ன வயதில் அதை வைத்துத்தான் விளையாடுவாளாம். இப்போது உடைந்த சாக்பீஸில் பிளேடால் அதே மாதிரி செதுக்கிப் பார்க்கிறாள். பி.டி.எஸ் முதலாம் ஆண்டில் மெழுகுக் கட்டியில் பல் செதுக்கவைப்பார்கள் என்று எங்கேயோ படித்தாளாம், அது உண்மைதான். ஜன்னல் திட்டில் ஆறேழு சாக்பீஸ் பற்கள் வரிசையாக இருந்தன. கடைவாய்ப் பல் மட்டும் நன்றாக வந்திருந்தது.

திங்கட்கிழமை அங்கிள் பேங்க்குக்குப் போகவில்லை. நோட்டரியிடம் போனார். புதன்கிழமை குரோம்பேட்டையிலிருந்து ஸ்பீடு போஸ்ட் போட்டுவிட்டு, ரசீதை போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். உறை மேல் மகள் பெயர். அந்த ‘எச்’ மட்டும் மற்ற எழுத்துகளைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது.