இணைப்பு பொது, பொறுப்பு நமது
மக்கள் இணையத்துக்கான கொள்கைப் பிரகடனம்

முகவுரை

நாங்கள் ஆசிரியர்கள், இ-சேவை மையப் பணியாளர்கள், செவிலியர்கள், கல்லூரி மாணவர்கள், வழக்கறிஞர்கள், வளைகுடாவில் உழைத்து ஊர் திரும்பியவர்கள், வீட்டைப் பேணும் பெண்கள். தமிழ்நாட்டின் சிறுநகரங்களிலும் கிராமங்களிலும் வாழ்கிறோம். பட்டா மாறுதலுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் கல்லூரி விண்ணப்பத்துக்கும் இணையத்தை நாடுகிறோம். கல்யாணச் செய்தியும் சாவுச் செய்தியும் வாட்ஸ்அப் வழியே வருகின்றன. பெண் பார்ப்பதும் கடன் கேட்பதும் கட்சி சேர்வதும் கைபேசிக்குள் நடக்கின்றன.

ஒரு சமூகத்தின் நல்லதும் கெட்டதும் நடந்தேறும் இடம் எவர் வசம் இருக்கிறது, எந்த நெறியில் இயங்குகிறது என்று தீர்மானிப்பதில் அந்தச் சமூகத்துக்குப் பங்கு வேண்டும். இன்று அந்தப் பங்கு நமக்கு இல்லை. அதைக் கேட்டுப் பெறவும், அதனோடு சேர்ந்து வரும் கடமையை நம் தோளில் ஏற்கவும் இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

இணையம் நம்மைச் சேர்த்த விதம்

இணையம் கொடையாகத் தொடங்கியது. டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய வையவிரிவு வலையை எவரும் உரிமத்தொகை கட்டாமல் பயன்படுத்தலாம் என்று ஜெனீவாவிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடம் 1993 ஏப்ரல் 30 அன்று அறிவித்தது. 1995 ஆகஸ்டில் இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை தொடங்கியபோது, அதைப் பெற்ற முதல் நகரங்களில் சென்னையும் இருந்தது.

தமிழர்களும் அந்தக் கொடை மரபில் கைசேர்த்தார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்துக்காக, பல நாடுகளில் வாழ்ந்த தன்னார்வலர்கள் சம்பளம் எதுவும் பெறாமல் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றினார்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட வலியைச் சுமந்த ஒரு சமூகம், 2005இல் ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்தைத் தொடங்கி, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாகச் சேமித்துவருகிறது. 2003இல் பிறந்த தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. அவற்றை எழுதியவர்களில் பெரும்பாலோர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

குடும்பங்களையும் இணையம் சேர்த்தது. கணவன் வளைகுடாவில் இருக்க, ஊரிலிருந்த மனைவி கடிதத்துக்கும் கேசட்டில் பதிந்து வந்த குரலுக்கும் ஐஎஸ்டி பூத் அழைப்புக்கும் காத்திருந்த காலம் வெகு தொலைவில் இல்லை. 2016 செப்டம்பரில் ஜியோ சந்தைக்கு வந்து டேட்டா விலை சரிந்த பிறகு, கூலித் தொழிலாளியின் சட்டைப் பைக்குள்ளும் இணையம் வந்தது. பிள்ளை நடை பழகுவதை அப்பா பாலைவன முகாமிலிருந்து பார்த்தார்.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, முன்பின் அறியாதவர்கள் இணையத்தில் ஒரே பட்டியலில் சேர்ந்து எழுதினார்கள்: எந்தத் தெருவில் முதியவர் சிக்கியிருக்கிறார், எவர் வீட்டு மாடியில் தங்க இடமிருக்கிறது, எங்கே படகு தேவை. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுத் தடையை எதிர்த்து ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் பரவிய அழைப்பைக் கேட்டு மெரினாவில் லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். அங்கே சாப்பாடு பகிர்ந்தார்கள், குப்பை அள்ளினார்கள், பெண்கள் இரவிலும் அச்சமின்றி அமர்ந்திருந்தார்கள். இணையத்தில் கூடிய கூட்டம் மண்ணில் இறங்கியபோது அது ஒழுங்கான சமூகமாக நடந்துகொண்டதைத் தமிழ்நாடு கண்ணால் கண்டது.

நம்மைப் பிரித்த விதம்

அடுத்த ஆண்டே வேறொன்றையும் கண்டோம். 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் நடமாடுகிறார்கள் என்று பரவிய வாட்ஸ்அப் வதந்தியை நம்பி, திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு மூதாட்டியை ஊரார் கூடி அடித்தே கொன்றார்கள். அவர் செய்ததெல்லாம் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததுதான். அந்தச் செய்தியை அனுப்பியவர்கள் கொலைகாரர்கள் இல்லை. பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்பட்ட பெற்றோர்கள். நம்மைப் போன்றவர்கள். நல்லெண்ணத்தோடு அனுப்பிய பொய்யும் உயிரைக் குடிக்கும் என்பதே அந்தச் சாவு சொன்ன பாடம்.

அதே மாதம் 22ஆம் தேதி தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்துப் போராடியவர்கள் மீது தொடங்கிய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் நிறுத்தப்பட்டது. உறவுகளின் நிலை அறிய மக்கள் தவித்த நேரத்தில்தான் அந்தக் கதவு சாத்தப்பட்டது. ஒரே மாதத்தில் இரு ஆபத்துகளையும் பார்த்துவிட்டோம்: கட்டுப்பாடற்ற பொய் ஒரு பக்கம், கட்டளையால் வந்த மௌனம் மறுபக்கம்.

நாள்தோறும் நடக்கும் தீங்குகள் செய்தியாவதில்லை. ஒரு பெண்ணின் படத்தைச் சிதைத்துப் பரப்புகிறான் ஒருவன், ஊர் அவளிடம், “நீ ஏன் படம் போட்டாய்?” என்று கேட்கிறது. பள்ளி மாணவன் அரிவாளோடு சாதிப் பெருமை பேசும் ரீல்ஸ் போடுகிறான். அடுத்த தெருப் பையன் பதில் ரீல்ஸ் போடுகிறான். மறுநாள் பேருந்தில் அடிதடி. கடன் செயலியில் சில ஆயிரம் வாங்கியவரின் தொடர்பு எண்கள் அனைத்துக்கும் அவரை அவமதிக்கும் செய்தி போகிறது. ஓய்வூதியப் பணம் முழுவதையும், ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டும் குரலுக்கு அஞ்சி ஒரு முதியவர் அனுப்பிவிடுகிறார்.

இவற்றுக்கெல்லாம் நம் குணம் மட்டும் காரணமன்று. பெருநிறுவனங்கள் தளங்களை இலவசமாகத் தருவதாகச் சொல்லி, நம் கவனத்தை விளம்பரதாரர்களுக்கு விற்கின்றன. நாம் எவ்வளவு நேரம் திரையில் இருக்கிறோமோ அவ்வளவு வருவாய். கோபமும் பயமும் பொறாமையும் நம்மை அதிக நேரம் இருத்திவைக்கும் என்பதால் அல்காரிதம் அவற்றையே முன்னே தள்ளுகிறது. நாம் சண்டையிட்டால் நட்டம் நமக்கு, லாபம் அவர்களுக்கு.

இன்னும் கதவுக்கு வெளியிலேயே நிற்பவர்களும் இருக்கிறார்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய ஆண்கள் இந்தியாவில் 57 விழுக்காடு. பெண்கள் 33 விழுக்காடுதான். 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது, வீட்டிலிருந்த ஒரே போன் அண்ணனுக்குப் போனது. தங்கையின் படிப்பு நின்றது.

எங்கள் கொள்கைகள்

1. இணைப்பு உரிமை. கல்லூரி விடுதியில் கைபேசிக்கு விதித்த தடையை எதிர்த்து ஒரு மாணவி தொடுத்த வழக்கில், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. காலவரையின்றி இணையத்தை நிறுத்துவது ஏற்கத்தக்கதன்று, நிறுத்தும் ஆணைகளை வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் கூறியது. இந்தத் தீர்ப்புகளே எங்கள் அடித்தளம்.

2. இணையம் பொது. ஊர் ஏரியின் நீரில் பங்கு பெற்றவர்கள் குடிமராமத்து என்ற பெயரில் சேர்ந்து அதைப் பராமரித்தார்கள். இணையத்துக்கும் அதே முறைதான் வேண்டும்: பங்கும் எல்லாருக்கும், பராமரிப்பும் எல்லாருக்கும். சில தளங்களுக்கு மட்டும் இலவச வழி என்பது போன்ற பாகுபாடுகளை எதிர்த்து 2015இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்குப் போயின. 2016 பிப்ரவரி 8 அன்று அந்தப் பாகுபாட்டுக் கட்டணத்தை டிராய் தடை செய்தது. சாதாரண மக்கள் கேட்டால் விதி மாறும் என்பதற்கு அதுவே சான்று.

3. அந்தரங்கம் ஏழைக்கும் உரியது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்தது. ஒருவரைக் கேட்காமல் அவர் எண்ணைக் குரூப்பில் சேர்ப்பதும், அவர் பிள்ளையின் படத்தைப் பகிர்வதும், ஆதார் நகலை அலட்சியமாக விட்டுவைப்பதும் அந்த உரிமையை மீறும் செயல்களே.

4. விமர்சனம் குற்றமாகாது. 2012இல் மகாராஷ்டிரத்தில் ஃபேஸ்புக்கில் கருத்துப் போட்ட பெண்ணையும் அதற்கு ‘லைக்’ போட்ட பெண்ணையும் கைது செய்தார்கள். அதற்கு வழிசெய்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று நீக்கியது. அரசையும் கட்சியையும் நிறுவனத்தையும் கேள்வி கேட்கும் உரிமைக்கு அரணாக நிற்போம். சாதியின் பேரால், மதத்தின் பேரால், பாலினத்தின் பேரால் ஒருவரை மிரட்டுவதைக் கருத்துரிமை என்று ஒருபோதும் ஏற்கமாட்டோம்.

5. பெண்களுக்குச் சமபங்கு. பாதுகாப்பு என்று சொல்லிப் பெண்ணிடமிருந்து போனைப் பிடுங்குவது பாதுகாப்பு ஆகாது. தவறு செய்தவனைத் தண்டிப்பதே பாதுகாப்பு.

6. தமிழில் எல்லாம். விதிமுறையும் ஒப்புதலும் புகாரும் புரியாத மொழியில் இருந்தால் அங்கே சம்மதம் என்பதே இல்லை.

7. இணையம் இல்லாதவரும் குடிமக்களே. ஓடிபி வரவில்லை, கைரேகை பதியவில்லை என்பதற்காக ஒரு மூதாட்டி ரேஷன் அரிசி இல்லாமல் திரும்பக் கூடாது. மனிதர் இருந்து பதில் சொல்லும் ஒரு சாளரம் எல்லா அலுவலகத்திலும் இருந்தே ஆக வேண்டும்.

எங்கள் கோரிக்கைகள்

அரசுக்கு: சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் வாதாடிப் பெற்ற அந்தச் சட்டத்தால், சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி கட்டிவருகிறோம். படிப்பகம் எல்லார்க்கும் உரியது என்று அன்றே ஒப்புக்கொண்ட மாநிலம் இது. ஆகவே ஊர்ப்புற நூலகங்கள் அனைத்திலும் இலவச இணையம், கணினி, உதவிக்கு ஓர் ஆள், பெண்கள் தயங்காமல் வரத்தக்க நேரம் ஆகியவற்றை ஏற்படுத்துங்கள். ஏழைக் குடும்பங்களுக்கு இணைய இணைப்பைத் தருவதைக் கேரள அரசு தன் கே-ஃபோன் திட்டத்தின் இலக்காக வைத்திருக்கிறது. தமிழ்நாடும் அந்த இலக்கை ஏற்க வேண்டும். இணையத்தை நிறுத்தும் ஆணை எதுவானாலும் காரணத்தோடு தமிழில் உடனே வெளியிடப்பட வேண்டும். பொய்ச் செய்தியைப் பகுத்தறியும் பயிற்சி ஆறாம் வகுப்பிலிருந்தே பாடமாக வேண்டும்.

நிறுவனங்களுக்கு: 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரே நேரத்தில் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் மாற்றியது. வேகத்தைக் குறைக்க உங்களால் முடியும் என்று அந்த மாற்றமே காட்டிவிட்டது. உயிர்கள் போன பிறகு செய்ததை முன்னரே செய்யுங்கள். தமிழும் அதன் வட்டார வழக்கும் தெரிந்தவர்களை வைத்துப் புகார்களைப் பாருங்கள். எங்களுக்கு எதைக் காட்டுகிறீர்கள், ஏன் காட்டுகிறீர்கள் என்பதைத் தமிழில் சொல்லுங்கள். ஒருவரின் அந்தரங்கப் படம் குறித்த புகார் வந்தால் அந்தப் படத்தைக் குறித்த நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்கின்றன. அதை எங்கள் ஊர்ப் பெண்ணுக்கும் நிறைவேற்றுங்கள்.

எங்கள் உறுதிமொழி

பிறரிடம் கேட்பதற்கு முன் நாங்கள் ஏற்பவை இவை.

உண்மையா என்று உறுதியாகத் தெரியாத எதையும் அனுப்பமாட்டோம். தவறாக அனுப்பிவிட்டால் அதே குரூப்பில் திருத்தம் போடுவோம்.

சாதியையும் மதத்தையும் இழிவுபடுத்தும் செய்தி வரும் குரூப்பில் மௌனமாக இருக்கமாட்டோம். அனுப்பியவர் மாமாவாக இருந்தாலும் மரியாதையோடு மறுப்போம்.

பாதிக்கப்பட்ட பெண்ணிடம் கேள்வி கேட்கமாட்டோம். அவளோடு காவல் நிலையம் வரை செல்வோம்.

பணம் இழந்தவரைப் பரிகசிக்கமாட்டோம். உடனே 1930 என்ற எண்ணை அழைக்க உதவுவோம். தாமதம் கூடக் கூடப் பணம் திரும்பும் வாய்ப்பு குறையும்.

மாதம் ஒருமுறை எங்கள் ஊரில் கூடுவோம். முதியவர்களுக்குக் கைபேசி கற்றுத்தருவோம். ஊரில் சுற்றும் சந்தேகச் செய்திகளை ஒன்றாக அமர்ந்து சரிபார்ப்போம்.

சாப்பிடும்போதும் துக்க வீட்டிலும் போனை எடுத்து வைத்துவிட்டு எதிரே இருப்பவர் முகம் பார்த்துப் பேசுவோம்.

அறைகூவல்

தோழர்களே, சகோதரிகளே, இளைஞர்களே! எந்தத் தளம் வரும், எந்தச் செயலி போகும் என்பது நம் கையில் இல்லாதிருக்கலாம். எதை அனுப்புகிறோம், எதை மறுக்கிறோம், எதற்காகச் சேர்ந்து கேட்கிறோம் என்பது முழுக்க நம் கையில் இருக்கிறது. பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு கிளை தொடங்கலாம். நூலகத் திண்ணை, பள்ளி வளாகம், கோயில் மண்டபம், தேவாலய முற்றம், ஜமாத் கூடம் எதுவானாலும் சரி, எல்லாச் சாதியாரும் பெண்களும் சமமாக அமரும் இடமாக இருக்கட்டும். இந்தப் பிரகடனத்தை வாய்விட்டு வாசியுங்கள். உடன்படாத வரியை விவாதியுங்கள், திருத்துங்கள். உடன்பட்டால் கையெழுத்திடுங்கள், உங்கள் ஊரில் வேலையைத் தொடங்குங்கள்.

இணைப்பைக் கேட்டுப் பெறுவோம். பொறுப்பை விரும்பி ஏற்போம்.