ரூபாயைப் பற்றி இங்கிலீஷில் பேசுவோம்

தனக்கன்குளம், நிலையூர், வலையங்குளம் பக்கமிருந்து பசுமலைக்கும் பெருங்குடிக்கும் பஸ் ஏறி பி.ஏ. பொருளியல் படிக்கப் போகும் நம் பிள்ளைகளிடம் பணவீக்கம் என்றால் என்ன என்று கேளுங்கள். தக்காளி விலையை வைத்தே விளக்கிவிடுவார்கள். அதையே இன்ஃப்ளேஷன் என்று இங்கிலீஷில் கேட்டால் தலை குனிந்துவிடும். பாடம் தெரியும், வாய்தான் வராது.

தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு இங்கிலீஷுக்கு வக்காலத்தா என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. அதை விடக் கூடாது. வங்கி வேலைக்கு என்ன செய்வது? ஐ.பி.பி.எஸ். எழுத்தர் தேர்வைத் தமிழில் எழுதலாம் என்றாகிவிட்டது. ஆனாலும் அதில் ஆங்கிலத்துக்கென்று தனிப் பகுதி உண்டு. அதில் தவறினால் மற்ற மதிப்பெண் கைகொடுக்காது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளை அங்கேதான் திரும்பி வருகிறது.

அண்ணல் அம்பேத்கரும் பொருளியல் மாணவர்தான். 1913-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். ரூபாயின் சிக்கல் பற்றிய அவரது ஆய்வு 1923-இல் லண்டனில் ஆங்கில நூலாக வந்தது. பிறகு நாணயம் குறித்து விசாரித்த ஹில்டன் யங் ஆணையத்தின் முன் உட்கார்ந்து கேள்விகளுக்கு ஆங்கிலத்தில் பதில் சொன்னார். அந்த ஆணையம் பரிந்துரைத்த மைய வங்கிதான் 1935-இல் ரிசர்வ் வங்கியாக வந்தது. அதே மனிதர் தம் மக்களோடு பேச 1920-இல் தொடங்கிய பத்திரிகை, மராத்தியில் வந்த மூக்நாயக். தாய்மொழியை விட்டுவிட்டா இங்கிலீஷ் பேசினார்?

2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியும் உண்டு. நல்லது. ஆனால் ஸ்போக்கன் இங்கிலீஷ் என்றாலே பெயர் சொல்வது, ஓட்டலில் காபி கேட்பது என்றுதான் பல இடங்களில் ஓடுகிறது. பொருளியல் பிள்ளைக்கு அது போதாது. முகூர்த்த நாளில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லி விலை ஏன் ஏறுகிறது என்று நான்கு வாக்கியம் பேசச் சொல்லுங்கள். டிமாண்டும் சப்ளையும் தானாக வந்து விழும். அம்மா வாங்கிய மகளிர் குழுக் கடனின் வட்டி, நூறு நாள் வேலையில் தள்ளிப்போகும் கூலி, எல்லாமே பாடம்தான்.

தப்பாகப் பேசினால் வகுப்பு சிரிக்கும். அந்தச் சிரிப்பில் சாதியும் கலந்திருப்பது அதை வாங்கியவர்களுக்குத் தெரியும். ஆசிரியர் முதல் நாளே அதை நிறுத்த வேண்டும்.

ஆதிதிராவிடர் நல விடுதிகளில் மாலையில் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்கலாம். ஒரு கரும்பலகையும் ஓர் ஆங்கில நாளிதழும் போதும். காப்பாளர்கள் இந்த வாரமே ஆரம்பிக்கலாம்.